பிக்ஸ் பரீட்சை

ஓர் அரசாங்கம் தன் குடிகளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளுள் காசைப்போல் ஓயாமல் கைமாறுவது வேறொன்றும் இல்லை. சந்தையில் தானியம் விற்பவனும், துறைமுகத்தில் சரக்கு இறக்குபவனும், கடன் கொடுத்து வட்டி வாங்குபவனும் அதைப் பெற்றுக்கொள்ளும்போது உருக்கிப் பார்ப்பதில்லை; இவ்வளவு எடையுள்ளது, இவ்வளவு சுத்தமான உலோகத்தாலானது என்று அதன்மேல் பதிந்துள்ள இராஜமுத்திரை சொல்வதை நம்பி முடிந்துகொள்கிறார்கள். ஆயினும், பொன்னும் வெள்ளியும் காசாக மாறும் இடத்தில் இருப்பவர்களும் மனிதர்களே. காசு ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அளவைக் குறைத்தாலும், உருக்கும் கலவையில் சிறிது செம்பை அதிகமாகச் சேர்த்தாலும், வெளியே எவருக்கும் தெரியாமல் பெருஞ்செல்வம் திரண்டுவிடும். ஆகவே, முத்திரை இடுபவனைச் சோதிப்பவன் யார் என்ற கேள்வி பழங்காலந்தொட்டே இராஜ்யங்களை உறுத்திவந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு இங்கிலாந்து தேசம் கண்ட விடை, எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருவதும், இன்றும் லண்டன் மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறுவதுமான 'பிக்ஸ் பரீட்சை' என்னும் விசாரணையாகும்.

பிக்ஸ் என்பது ஒரு பெட்டி. நாணயச்சாலையில் அடிக்கப்படும் காசுகளிலிருந்து இன்ன அளவுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்து அதில் இட்டுப் பூட்டிவைப்பார்கள். காலம் வந்ததும், நாணயச்சாலையோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பொற்கொல்லர்கள் ஜூரிகளாகக் கூடி, சத்தியப் பிரமாணம் செய்து, பெட்டியில் சேர்ந்த காசுகளை எண்ணி, நிறுத்து, உருக்கி, சட்டம் விதித்த எடையும் மாற்றும் அவற்றில் உள்ளனவா என்று தீர்ப்புச் சொல்வார்கள். பரிசோதனைச் சாலையின் காரியம்போல் தோன்றினாலும், இது முறைப்படி கூடும் நியாயசபையே; இதற்குத் தலைமை வகிப்பவர் ஒரு நியாயாதிபதி; முடிவில் சொல்லப்படுவதும் ஒரு தீர்ப்பே. விசாரணைக்கு வருவது காசு என்றாலும், அதன் வாயிலாக விசாரிக்கப்படுபவர் அதை அடிப்பித்த அதிகாரி.

இப்படிப்பட்ட நிதானமான ஒழுங்கு ஏற்படுவதற்கு முன்பு, காசில் குற்றம் கண்ட மன்னர்கள் கையாண்ட முறை மிகக் கொடூரமானது. முதலாம் ஹென்றியின் காலத்தில் வெள்ளிக் காசுகள் தரம் கெட்டு, சந்தையில் அவற்றை வாங்குவாரில்லை என்ற நிலை உண்டாயிற்று. 1124ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸை ஒட்டி, நாட்டிலுள்ள நாணயம் அடிப்போரை வின்செஸ்டர் நகரத்துக்கு வரவழைத்து, அவர்களுடைய வலக்கையைத் தறித்து ஆண்மையையும் நீக்கினார்கள் என்று ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அரசனுடைய கோபம் தணிந்திருக்கலாம். ஆனால் தண்டனை பெற்றவர்களுள் குற்றவாளி யார், நிரபராதி யார் என்று பிரித்தறிய அங்கே அளவுகோல் ஒன்றும் இல்லை. சிட்சை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அடுத்த ஆண்டில் அடிக்கப்படும் காசு நல்ல காசுதான் என்று குடிகளுக்கு உறுதி கூற அதனால் இயலாது. அதற்குக் காசையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழிக்கான வித்து அரசனுடைய கருவூலத்திலேயே இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்னும் கருவூல அதிகாரி அங்கு வழங்கிய நடைமுறைகளை விளக்கி வினா விடை வடிவில் ஒரு நூல் எழுதினார். மாகாண அதிகாரிகளான ஷெரீப்புகள் வரிப்பணத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, அந்தக் குவியலிலிருந்து 44 ஷில்லிங் பெறுமானமுள்ள காசுகளை எடுத்துக் கலந்து, அவற்றுள் ஒரு பவுன் கணக்குக்கு உரிய 240 பென்னிகளைப் பிரித்து உலையிலிட்டு உருக்குவார்கள் என்றும், கசடு நீங்கி எஞ்சிய வெள்ளியை நிறுத்துப் பார்த்து, குறைந்த அளவுக்கு ஏற்ப ஷெரீப்பிடமிருந்து மேலும் வசூலிப்பார்கள் என்றும் அந்நூலால் அறிகிறோம். பெருங்குவியலின் தன்மையை அதன் ஒரு சிறு பகுதியைக் கொண்டு நிர்ணயிக்கலாம் என்ற யுக்தியும், சோதனைக்கு எடுப்பதைக் கலந்து எடுக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் அப்போதே வேரூன்றியிருந்தன. ஆனால் அந்தச் சோதனை, அரசனுக்குச் செலுத்தப்படும் பணத்தைப் பற்றியது. அரசன் வெளியிடும் பணத்தைப் பற்றியதன்று.

அதே சோதனையை அரசன் தன் நாணயச்சாலையின்மேல் திருப்பியது அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தது. மூன்றாம் ஹென்றி 1247இல் புதிய வெள்ளிக் காசை வெளியிட்டதற்கு மறு ஆண்டு, அதாவது 1248இல், லண்டன் நகரத்தின் நம்பிக்கைக்குரிய குடிமக்கள் பன்னிருவரையும், தொழில் தேர்ந்த பொற்கொல்லர்களையும் தேர்ந்தெடுத்து, கருவூலப் பிரபுக்களின் முன்னிலையில் பழைய காசையும் புதிய காசையும் பரிசோதிக்குமாறு கட்டளை பிறந்தது. அவருடைய மகன் முதலாம் எட்வர்ட் 1279இல் நாணயத்தைப் புதுப்பித்து, 1282இல் இந்தப் பரீட்சையை நிலையான வழக்கமாக்கினார். இதில் கவனிக்கத்தக்கது, பரீட்சிப்பவர்களை எங்கிருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்பதே. அரசனுடைய ஊதியம் பெறும் உத்தியோகஸ்தர்களைக் கொண்டே அதை முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், காசை வாங்கிப் புழங்குகிற நகரத்தாரையும், பொன் வெள்ளியின் இரகசியம் அறிந்த தொழிலாளரையும் நியாயசபைக்குள் அழைத்தார்கள். நாணயச்சாலைக்கும் பொற்கொல்லர்களுக்கும் இயல்பாகவே போட்டி உண்டு. ஒரே உலோகத்தை இருவரும் நாடுகிறார்கள். ஒருவர் குறையை மற்றவர் மறைக்க நியாயமில்லை என்பதால், அந்தப் போட்டியே தீர்ப்புக்குப் பிணையாயிற்று.

பெட்டியைக் காக்கும் ஏற்பாடும் இதே எச்சரிக்கையோடு அமைந்தது. அதற்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் நாணயச்சாலையின் வெவ்வேறு அதிகாரிகளிடம் இருந்தன. மூவரும் கூடினாலன்றி மூடி திறவாது. பிற்காலத்தில் நிலைபெற்ற கணக்கின்படி, பொன்னில் 15 பவுண்டு நிறையும் வெள்ளியில் 60 பவுண்டு நிறையும் ஒரு வேலைப் பங்காகக் கருதப்பட்டு, அப்படி ஒவ்வொரு பங்கு காசாகி முடியும்தோறும் அதிலிருந்து பெட்டிக்குரிய காசைப் பிரித்தெடுத்துவைப்பது வழக்கமாயிற்று. பரீட்சைக்கு வேண்டிய கருவிகளும் பிரமாணத் தகடுகளும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தைச் சேர்ந்த, தாழ்ந்த வளைவுகளும் பருத்த தூண்களும் கொண்ட, கல்லால் கட்டிய ஓர் அறையில் காக்கப்பட்டன. பதினோராம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அறை இன்றும் பிக்ஸ் மண்டபம் என்றே வழங்குகிறது. 1303இல், எட்வர்ட் அரசர் ஸ்காட்லாந்துப் போரில் ஈடுபட்டிருந்த சமயம், ரிச்சர்ட் ஆஃப் புட்லிகோட் என்பவன் அந்த மடாலயத்தில் இருந்த இராஜபொக்கிஷத்தைக் கன்னமிட்டுக் கொள்ளையடித்தான். உடந்தையாயிருந்ததாகச் சந்தேகித்துத் துறவிகள் பலர் சிறையிடப்பட்டனர். அவன் 1305இல் தூக்கிலிடப்பட்டான். அதன்பின் பொக்கிஷத்தின் பெரும்பகுதியை லண்டன் கோட்டைக்கு மாற்றினார்கள். எனினும், பிக்ஸ் மண்டபம் அளவுகோல்களின் உறைவிடமாகவே நெடுங்காலம் நீடித்தது.

காசை எதனோடு ஒப்பிட்டு நல்லது என்றோ தாழ்ந்தது என்றோ சொல்வது? இதற்கு இரண்டு பிரமாணங்கள் இருந்தன. ஒன்று, அரசனுக்கும் நாணயச்சாலைத் தலைவனுக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை. தலைவன் என்பவன் அக்காலத்தில் மாதச் சம்பள உத்தியோகஸ்தன் அல்லன். இத்தனை எடை உலோகத்துக்கு இத்தனை காசு அடித்துத் தருவேன் என்று பொறுப்பேற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரன். வெள்ளியின் தரம் பன்னிரண்டு அவுன்ஸுக்கு 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் சுத்த வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு. எட்டாம் ஹென்றியின் காலத்தில் புகுந்து இன்றளவும் வழங்கும் பொன்னின் தரம் 22 காரட். எவ்வளவு திறமையுள்ள தொழிலாளியாலும் இந்த எல்லையில் அணுவும் பிசகாமல் நிற்க முடியாது என்பதை உணர்ந்து, கூடுதல் குறைவுக்கு ஒரு சலுகை அளவையும் உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். அந்தச் சலுகையைத் தாண்டினால், தலைவனுடைய உயிரும் உடலும் அரசனுடைய கருணைக்கு உட்பட்டவை என்ற பயங்கர வாசகமும் பழைய உடன்படிக்கைகளில் உண்டு.

மற்றொரு பிரமாணம் கையால் தொட்டறியக் கூடியது. சட்டம் விதித்த தரத்தில் பொன்னையும் வெள்ளியையும் கலந்து தகடாக அடித்து, அதைத் துண்டுகளாக வெட்டி, கருவூலத்தில் ஒன்றும் நாணயச்சாலையில் ஒன்றும் என வைத்துக்கொள்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய தகடுகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. பரீட்சையின்போது காசிலிருந்து வெட்டிய துணுக்கையும் தகட்டிலிருந்து வெட்டிய துணுக்கையும் ஒரே உலையில் ஒரே சமயத்தில் சோதித்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். உலையின் வெப்பமோ சோதிப்பவன் கையோ சிறிது மாறுபட்டாலும் அந்த மாறுபாடு இரண்டையும் ஒருங்கே தாக்கும். ஆகையால் ஒப்புமை கெடாது.

பொதுப் பிரமாணத்தை வைத்து உலோகத்தை மதிப்பிடும் இந்த யுக்தி நம் நாட்டவர்க்கும் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜ சோழர் பொறித்த சாசனங்களில், பொன் நிறுப்பதற்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரிட்ட எடைக்கல்லும், மாற்றுக் காண்பதற்குத் 'தண்டவாணி' என்ற அளவும் பேசப்படுகின்றன. சங்கப் புலவர் சிலருடைய பெயரோடு ஒட்டியுள்ள 'வண்ணக்கன்' என்ற பட்டம், நாணயத்தைச் சோதிக்கும் தொழிலைக் குறிப்பது என்பர். வடம வண்ணக்கன் தாமோதரனார் புறநானூற்றில் இடம்பெற்றவர். கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரமோ, காசை அடிப்பிப்பதற்கு இலக்ஷணாத்யக்ஷன் என்றும், அதைப் பரிசோதிப்பதற்கு ரூபதர்சகன் என்றும் இரண்டு அதிகாரிகளைத் தனித்தனியே விதிக்கிறது. செய்பவனே சோதிப்பவனாகவும் இருக்கலாகாது என்ற தத்துவம் அங்கே தெளிவாக விளங்குகிறது. ஆனால் அர்த்தசாஸ்திரம் விதித்த இருவரும் அரசனுடைய ஏவலாளரே. லண்டனில் சோதிப்பவன் அரண்மனைக்கு வெளியிலிருந்து வந்தான் என்பதில்தான் பிக்ஸ் பரீட்சையின் தனிச்சிறப்பு அடங்கியிருக்கிறது.

பொன்னைச் சோதிக்கும் முறையைச் சிறிது விரிவாகவே சொல்லலாம். நம் தட்டார்கள் செய்வதுபோல உரைகல்லில் தேய்த்து நிறத்தைக் காண்பது விரைவான வழி. ஆனால் ஒரு நாணயச்சாலையின் நற்பெயரைத் தீர்மானிக்கத்தக்க நுட்பம் அதற்குப் போதாது. ஆகவே, காசிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி நுண்ணிய தராசில் நிறுத்து, அதனோடு அளவறிந்து வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலைக்குள் செலுத்துவார்கள். கடும் வெப்பத்தில் ஈயம் உருகிக் காற்றோடு கூடி மண்போன்ற பொருளாக மாறும்போது, செம்பு முதலிய கீழ்த்தர உலோகங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சாம்பலுக்குள் ஊறிவிடும். பொன்னும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாகத் திரண்டு, கடைசி ஈயமும் நீங்கும் கணத்தில் பளிச்சென்று மின்னும். அந்த மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி, வெடியுப்புத் திராவகத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்துபோகும்; சுருள் மட்டும் வடிவு குலையாமல் மிஞ்சும். அதுவே சுத்தப் பொன். முதலில் நிறுத்த எடைக்கும் கடைசியில் நிறுத்த எடைக்கும் உள்ள விகிதம் காசின் மாற்றைச் சொல்லிவிடும். வெள்ளிக் காசுகளுக்கும் பல நூற்றாண்டுகள் கிண்ணச் சோதனையே வழங்கியது. 1832இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் கே-லுசாக், வெள்ளியைத் திராவகத்தில் கரைத்து உப்புநீரால் அளக்கும் முறையைக் கண்டபின் அதைவிட நுட்பமான வழி கிடைத்தது.

இவ்வளவு எச்சரிக்கையோடு அமைந்த பரீட்சைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எட்டாம் ஹென்றி உலகுக்கு உணர்த்தினார். போர்ச் செலவுகளாலும் ஆடம்பரத்தாலும் கருவூலம் வறண்டபோது, அவர் நாணயச்சாலைத் தலைவனை ஏமாற்றச் சொல்லவில்லை. உடன்படிக்கையையே மாற்றி எழுதினார். பன்னிரண்டு அவுன்ஸில் 11 அவுன்ஸுக்கு மேல் இருந்த சுத்த வெள்ளி 1544இல் 9 அவுன்ஸாகவும், மறு ஆண்டில் 6 அவுன்ஸாகவும், 1546இல் 4 அவுன்ஸாகவும் இறங்கியது; அவர் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில், 1551இல், 3 அவுன்ஸ் வரையில் தாழ்ந்தது. காசு தேய்ந்தபோது, அரசருடைய உருவத்தில் மேடாக இருந்த மூக்கின்மேல் வெள்ளிப் பூச்சு நீங்கிச் செம்பு தெரிந்ததனால், மக்கள் அவரைச் 'செம்பு மூக்கர்' என்று பரிகசித்தார்கள். விலைவாசி ஏறிற்று, நல்ல பழங்காசுகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. இப்படி அடிக்கப்பட்ட காசை அந்த ஆண்டின் உடன்படிக்கையோடு ஒப்பிட்டால் அதில் குற்றமில்லை. வேலைக்காரன் எசமானனுடைய கட்டளைப்படி நடந்தானா என்று மட்டுமே ஜூரிகள் கேட்கலாம். கட்டளை நியாயமானதா என்று கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. அந்தக் கேடு நீங்குவதற்கு, எலிசபெத் அரசியார் 1560, 1561ஆம் ஆண்டுகளில் கெட்ட காசுகளைத் திரும்பப் பெற்றுப் புதியன அடிப்பிக்கும்வரை தேசம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பரீட்சையின் சரித்திரத்தில் மிகவும் பிரசித்தமான பெயர் ஐசக் நியூட்டனுடையது. 1696இல் நாணயச்சாலையின் காவல் அதிகாரியாக வந்து, 1699இல் தலைவராகி, 1727இல் இறக்கும்வரை அவர் அந்தப் பதவியை வகித்தார். பெரிய அறிஞர்களுக்கு உபகாரமாகக் கொடுக்கப்படும் ஓய்வுப் பதவியாக அதைக் கருதினவர்கள் ஏமாந்தார்கள். கள்ள நாணயக்காரர்களைத் தாமே தேடி விசாரித்து, வில்லியம் சலோனர் என்னும் கைதேர்ந்த மோசக்காரனை 1699இல் தூக்குமேடை வரையில் அவர் தொடர்ந்தார். காசுகளின் எடையில் இருந்த ஏற்றத்தாழ்வையும் அவர் பொறுக்கவில்லை. சராசரி சரியாக இருந்தால் போதும் என்று எண்ணி, சில கனத்தும் சில இலேசாகவும் இருக்க விட்டால், பொற்கொல்லர்கள் கனத்தவற்றை மட்டும் பொறுக்கி உருக்கி, அந்த உலோகத்தையே நாணயச்சாலைக்கு மீண்டும் கொண்டுவந்து இலாபம் அடைவார்கள். கினி என்பது அக்காலத்துப் பொற்காசு; அப்படித் திரும்பத் திரும்ப உலைக்கு வரும் காசுகளுக்கு 'மீண்டும் வரும் கினிகள்' என்றே ஒரு கேலிப்பெயர் இருந்தது. ஒவ்வொரு காசையும் அதன் அளவுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவருவதே இதற்கு மருந்து என்று நியூட்டன் கண்டார்.

அத்தகையவரையும் பரீட்சை ஒருமுறை கலங்கச் செய்தது. ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த 1707ஆம் ஆண்டில் புதிய பிரமாணத் தகடுகள் செய்யப்பட்டன. 1710இல் கூடிய ஜூரிகள், நியூட்டன் அடிப்பித்த பொற்காசுகள் அந்தத் தகட்டைவிடச் சிறிது தாழ்ந்தவை என்று கூறினார்கள். சலுகை எல்லைக்குள் அடங்கிய குறைதான் அது. ஆயினும், தம் நேர்மையின்மேல் நிழல் விழுவதை நியூட்டன் தாங்கவில்லை. குற்றம் காசில் அன்று, தகட்டில்தான் என்று அவர் வாதித்தார். பொன்னை எத்தனை கடுமையாகச் சுத்தி செய்கிறோமோ அதற்கேற்ப '24 காரட்' என்பதே சிறிது உயரக்கூடியது ஆகையால், புதிய தகட்டைச் செய்தவர்கள் பொன்னை மிகுதியாகச் சுத்தி செய்து, 22 காரட்டுக்குச் சற்று மேலான தகட்டை உண்டாக்கிவிட்டார்கள் என்று எழுத்தில் வரைந்தார். அந்தத் தகடு ஒதுக்கப்பட்டு, 1688ஆம் ஆண்டின் பழைய தகடே மறுபடி பிரமாணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரசாயன முறைகள் நுட்பமடைந்தபின் சோதித்தபோது, 1707இன் தகடு சட்டத்தின் தரத்தைவிட உயர்ந்திருந்தது உறுதியாயிற்று. அளப்பவனை அளப்பது எப்படி என்ற சங்கடம், சோதனையை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனாலும் கூடவே ஏறிவருகிறது என்பதற்கு இந்த வழக்கு நல்ல திருஷ்டாந்தம்.

இதைவிட ஆழமான குறையொன்று பரீட்சையின் கணக்கிலேயே மறைந்து கிடந்தது. அக்காலத்தில் ஒரு டிராய் பவுண்டு நிறையுள்ள பொன்னிலிருந்து 44½ கினிகள் அடிக்கப்பட்டன; ஒரு கினி ஏறக்குறைய 129½ கிரெயின் நிறையுடையது. சலுகை பவுண்டுக்கு 40 கிரெயின். கினி ஒன்றுக்கு ஒரு கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தனிக் காசுக்கு இது நியாயமான அளவே. ஆனால் ஜூரிகள் காசுகளை மொத்தமாகத் தராசில் கொட்டி நிறுத்தார்கள். பவுண்டுகள் பெருகப் பெருகச் சலுகையும் அதே விகிதத்தில் பெருகியது. பத்தாயிரம் கினிகளை ஒன்றாக நிறுத்தால், 9000 கிரெயின் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 70 கினிகளின் நிறைக்குக் குறைந்திருந்தாலும் குற்றமில்லை. நேர்மையாக வேலை செய்யும் சாலையில் ஒரு காசு சிறிது கனத்திருக்கும், மற்றொன்று சிறிது இலேசாயிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே மொத்தத்தில் ஏற்படும் பிழை, காசுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளராமல், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். பத்தாயிரத்துக்கு நூறு மடங்குதான். காசொன்றுக்கு முழுச் சலுகை அளவே பிழை நேர்ந்தாலும், மொத்தத்தில் 90 கிரெயினை ஒட்டியே வேறுபாடு காணவேண்டிய இடத்தில் 9000 கிரெயினைப் பொறுத்துக்கொண்டார்கள். இடைவெளியை உணர்ந்த ஒரு தலைவன் ஒவ்வொரு காசையும் சிறிதளவு குறைவாகவே அடிக்கத் திட்டமிட்டு, அகப்படாமல் செல்வம் சேர்த்திருக்கலாம்.

நியூட்டனுடைய நண்பரும், பிரான்ஸிலிருந்து மத பேதத்தால் நாடு நீங்கி லண்டனில் குடியேறியவருமான டி மாவ்ர், 1733இல் இந்த வர்க்கமூல விதியைக் கணித முறையில் நிறுவினார். எனினும், அதைப் பிக்ஸ் பெட்டியோடு பொருத்திப் பார்க்க அந்நாளில் எவரும் முன்வரவில்லை. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஸ்டீபன் ஸ்டிக்லர் 1977இல் இதை விரித்துரைத்து, மாதிரி எடுத்து மொத்தத்தை மதிப்பிடும் கலையின் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்றாகப் பிக்ஸ் பரீட்சையை எடுத்துக்காட்டினார். நியூட்டன் இந்த இடைவெளியைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. விதியின் ஓட்டையை அடைத்து நின்றது அங்கே தலைவனுடைய மனச்சாட்சியும், அடுத்த விசாரணையைப் பற்றிய அச்சமுமே.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம் அடித்தபோது சோதனையை மட்டும் கொண்டுவந்தது. சென்னையில் 1818இல் நட்சத்திர வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாயைப் பிரதான நாணயமாக்கி, 180 கிரெயின் நிறையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் என்று நிர்ணயித்தார்கள். 1835இல் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் அந்த எடையும் மாற்றுமே சட்டமாயின. அந்த ரூபாயை இங்கே சோதித்தவர்கள் கம்பெனியின் ஊதியம் பெற்ற அதிகாரிகள். அவர்களுள் சிலர் பேரறிஞர்கள் என்பதில் ஐயமில்லை. கல்கத்தாவில் இப்பதவி வகித்த ஹொரேஸ் ஹேமன் வில்சன் வடமொழி அகராதி செய்தவர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் பிரின்செப், பழங்காசுகளின் எழுத்தை ஆராய்ந்த பழக்கத்தாலேயே 1837இல் அசோகருடைய பிராமிச் சாசனங்களைப் படித்தறிந்தவர். ஆனால் புலமையும் நேர்மையும் ஒருவரிடம் நிறைந்திருப்பது வேறு. அவரையும் கேள்வி கேட்கும் அதிகாரம் வெளியே ஒரு சபையிடம் இருப்பது வேறு.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் பரீட்சைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது. அதுவரையில் ஆண்டுகள் சில கழிந்தபின் அழைப்பு வரும்போது கூடிய சபை, காசு வெளியிடப்படும் ஒவ்வோர் ஆண்டிலும் கூடவேண்டும் என்றாயிற்று. நியூட்டனுக்குப் பின் ஜான் ஹெர்ஷல், தாமஸ் கிரஹாம் போன்ற விஞ்ஞானிகள் அமர்ந்த தலைவர் பதவி, கிரஹாம் 1869இல் மறைந்தபின், நிதி மந்திரியின் பதவியோடு இணைக்கப்பட்டது. ஸவரன் என்னும் பொற்காசு ஒன்றுக்கு 123.27447 கிரெயின் எடையும், 0.2 கிரெயின் சலுகையும் சட்டத்தில் எண்ணால் எழுதப்பட்டன. 1871 முதல் பரீட்சை லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் நடந்துவருகிறது. 1327இல் அரசுச் சாசனம் பெற்ற அந்தச் சங்கத்தின் உறுப்பினரே ஜூரிகள். அரசருடைய நினைவூட்டும் அதிகாரி என்ற பழம்பட்டம் தாங்கிய மூத்த நீதிபதி அவர்களுக்குப் பிரமாணம் செய்துவைக்கிறார். பொட்டலம் பொட்டலமாக வரும் காசுகளை ஜூரிகள் எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தனியே எடுத்துச் சோதனைக்கு ஒதுக்கி, எஞ்சியவற்றை நிறுக்கிறார்கள். உலோகச் சோதனை முடியச் சில மாதங்கள் ஆகும். அதன்பின் சபை மறுபடி கூடித் தீர்ப்பை வாசிக்கிறது.

காசின் உலோகமோ இதற்கிடையே வெகுவாக மாறிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளியின் விலை ஏறியதால், 1920இல் பார்லிமெண்ட் வெள்ளிக் காசின் தரத்தை ஆயிரத்துக்கு 925இலிருந்து 500ஆகக் குறைத்தது. 1947இல் வெள்ளி முற்றும் நீங்கி, செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. எட்டாம் ஹென்றி செய்ததும் தரக்குறைப்பே, பார்லிமெண்ட் செய்ததும் தரக்குறைப்பே. ஆனால் பின்னது பகிரங்கமாக விவாதித்துச் சட்டமாக்கப்பட்டது. காசில் உள்ள உலோகத்தின் விலையை நம்பி எவரும் அதை வாங்காத இக்காலத்தில், ஜூரிகள் கூடி நிக்கலையும் செம்பையும் அளப்பது வெறும் சம்பிரதாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். பொன் நாணயங்களும் நினைவு நாணயங்களும் இன்னும் அடிக்கப்படுவதால் உலோகச் சோதனைக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை என்பது ஒருபுறம் இருக்க, இந்தச் சபை அன்றும் இன்றும் காசை மட்டும் எடை போடவில்லை என்பதே அதற்கு உண்மையான விடை.

ஆண்டுதோறும் தீர்ப்பு ஏறக்குறைய ஒரேவிதமாகத்தான் வருகிறது. அதனால் விசாரணை பயனற்றது என்று கருதுவது, களவு நடக்காத வீதிக்குக் காவலன் வேண்டாம் என்று கருதுவதற்கு ஒப்பாகும். நிதி மந்திரியின் பெயரால் வெளியாகும் பொருளை, அவருக்குக் கீழ்ப்பட்டிராத சிலர் சத்தியத்தின்மேல் அளந்து, குறையிருந்தால் வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற நினைவு, பெட்டியில் இடப்படாத கோடிக்கணக்கான காசுகளையும் நேராக அடிக்கச் செய்கிறது. சட்டமே தாழ்ந்துபோகும் காலத்தில் இந்தச் சபை கையாலாகாதது என்பதை எட்டாம் ஹென்றியின் சரித்திரம் காட்டிவிட்டது. அளவுகோலே பிழைபடலாம் என்பதை நியூட்டனுடைய வழக்கும், விதியிலேயே ஓட்டை இருக்கலாம் என்பதை வர்க்கமூலக் கணக்கும் காட்டின. அத்தனை குறைகளோடும், தன் கையால் செய்ததைப் பிறர் தராசில் வைக்க ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். 1248இல் லண்டன் குடிமக்கள் பன்னிருவரை அழைத்த மன்னர், காசைக் காப்பாற்றும் நோக்கத்தால் மட்டுமே அவ்வாறு செய்திருக்கக்கூடும். ஆனால் ஆட்சியின் கணக்கை ஆளப்படுவோர் பார்க்கலாம் என்ற வழக்கத்துக்கு, அந்த அழைப்பினால் தம்மை அறியாமலே இடம்கொடுத்துவிட்டார்.